கணக்கு ஒப்புவித்த உக்கிராணக்காரர்: ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்

உக்கிராணக்காரன் என்னும் சொல்லை விவிலியம் வாசிப்போர் நன்கறிவர். பெரிய வீட்டின் களஞ்சியச் சாவி அவன் கையில் இருக்கும். ஆயினும் அக்களஞ்சியத்திலுள்ள ஒரு மணி நெல்லும் அவனுடையதன்று. வேளை தவறாமல் வீட்டாருக்குப் படியளப்பதும், எசமான் கேட்கும் நாளில் கணக்கு ஒப்புவிப்பதுமே அவன் கடமை. காணிக்கைப் பெட்டியில் இடும் பணம் மட்டுமே உக்கிராணத்துவம் எனக் கருதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கற்ற கல்வி, பெற்ற பதவி, காலம், காலடியிலுள்ள மண் ஆகிய அனைத்தும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவையே. இவ்வுண்மையைத் தம் வாழ்வால் விளக்கிய ஒருவரை இவ்வெள்ளி விழா மலரில் நம் இளைஞர்களுக்கு அறிமுகம் செய்ய விழைகிறோம்.

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டைமண்ட் என்னும் சிற்றூரின் அருகே, 1864-ஆம் ஆண்டளவில் ஓர் அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்தார். கைக்குழந்தையாயிருக்கையில் கொள்ளையர் தாயையும் சேயையும் கடத்திச் சென்றனர். குழந்தை மட்டும் ஒரு குதிரைக்கு ஈடாக மீட்கப்பட்டது, தாய் திரும்பவேயில்லை. அடிமை முறை ஒழிந்த பின்னரும் உள்ளூர்ப் பள்ளி கறுப்பினச் சிறுவனுக்குக் கதவடைத்தது. ஆகவே நியோஷோ என்னும் ஊருக்குச் சென்று கல்வி தொடங்கினார். துணி வெளுத்தும் சமையல் வேலை செய்தும் வயிறு வளர்த்தார். கான்சாஸ் மாநிலத்துக் கல்லூரி ஒன்று கடித வாயிலாக இடமளித்து, நேரில் நிறத்தைக் கண்டதும் மறுத்து அனுப்பியது. அவர் கல்வியைக் கைவிட்டாரில்லை. 1890-இல் அயோவா மாநிலத்துச் சிம்ப்சன் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் அம்மாநில வேளாண்மைக் கல்லூரிக்கு மாறி, 1894-இல் இளநிலைப் பட்டமும் 1896-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அக்கல்லூரியிலேயே ஆசிரியப் பணியும் அமைந்தது.

அங்கேயே இருந்திருப்பின் அமைதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் கறுப்பின மக்களுக்காகக் கல்விக்கூடம் நடத்திய புக்கர் டி. வாஷிங்டன் அழைத்தபோது, தாம் பெற்ற கல்வி தம் மக்களுக்கு உரியது எனக் கருதி 1896-இல் அங்குச் சென்றார். ஆய்வுக்கூடமென்று சொல்லத்தக்க எதுவும் ஆங்கில்லை. மாணவர்களுடன் குப்பைமேடுகளைக் கிளறி, எறியப்பட்ட புட்டிகளையும் பாத்திரங்களையும் பொறுக்கி ஆய்வுக் கருவிகளாக்கினார்.

சுற்றிலும் வாழ்ந்தோர் வாரத்துக்கு உழுது கடனில் மூழ்கிய ஏழைகள். ஆண்டு தவறாமல் பருத்தியே பயிரிட்டதால் நிலம் சாரமற்றுப் போயிருந்தது. மண்ணைப் பாழாக்குவதும் ஒப்படைக்கப்பட்ட பொருளை அழிப்பதே என்பது கார்வரின் உறுதியான எண்ணம். தட்டைப்பயறும் நிலக்கடலையும் வேர் முடிச்சுகளால் மண்ணில் தழைச்சத்தைச் சேர்ப்பவை. குடும்பத்துக்கு உணவாகவும் ஆகுபவை. இவற்றைப் பருத்தியோடு மாற்றிப் பயிரிடவும், இலைச்சருகையும் சதுப்பு மண்ணையும் எருவாக்கவும் கற்பித்தார். உரம் வாங்கக் காசற்றவனுக்கு அதுவே ஏற்ற வழி. எளிய நடையில் நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு வெளியீடுகளை எழுதினார். 1906-இல், அவர் வகுத்த திட்டப்படி, கருவிகளும் விதைகளும் ஏற்றிய வண்டி ஒன்று உழவரின் வாசலுக்கே சென்றது. கல்லூரிக்கு வர இயலாதவனிடம் கல்லூரியே சென்றது.

நிலக்கடலையிலிருந்து நூற்றுக்கணக்கான பொருள்கள் செய்யும் வழிகளை அவர் தொகுத்தார். கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவரே என்பர் சிலர், அது உண்மையன்று. அவர் பெருமைக்கு அத்தகைய மிகைக்கூற்று தேவையுமில்லை. தம் ஆய்வுகளுக்கு அவர் பெற்ற காப்புரிமைகள் மூன்றே. ஏனையவற்றைக் கேட்டோர்க்கெல்லாம் வழங்கினார். ஞாயிறுதோறும் மாணவர்களுக்கு விவிலிய வகுப்பு நடத்தினார். அவருக்கு இலையும் கல்லும் படைத்தவனின் கைவேலையாகவே தோன்றின.

திருமணம் செய்துகொள்ளாமல், கல்விக்கூட விடுதியில் தங்கி, பழைய உடையைத் தைத்து உடுத்திச் சிக்கனமாக வாழ்ந்தார். அச்சிக்கனம் கஞ்சத்தனமன்று. 1940-இல் தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தை அங்கே நிறுவினார். வாழ்நாள் சேமிப்பான சுமார் 60,000 டாலரும் அதற்கே சென்றது. 1943 ஜனவரி 5-இல் மறைந்து, தம்மை அழைத்த வாஷிங்டனின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

இளைஞர்களே! கார்வரின் கணக்கைப் பார்த்தோம். நம் கணக்கையும் சிறிது பார்ப்போம். நம்முள் ஒருவர் பெற்ற பட்டத்தில் கூலி வேலை செய்த தாயின் வியர்வையும், படிக்க இயலாமற்போன அண்ணன் அக்காளின் விட்டுக்கொடுத்தலும் கலந்துள்ளன. அப்பட்டத்தைத் தனிச் சொத்தாக எண்ணி, உத்தியோகம் கிடைத்ததும் பிறந்த தெருவை மறப்பவர், எச்சமயத்தாராயினும், பெற்ற தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனுக்கு ஒப்பாவார். பெருங்கொடை வேண்டுவதில்லை. மாலையில் ஒரு மணி நேரம் நம் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். எழுதத் தெரியாத முதியவருக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். சங்கப் பணத்தின் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வையுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் சேர்த்து வைத்த களஞ்சியத்தின் சாவி இனி உங்கள் கையில் வருகிறது.