குப்பை சுமந்தோருக்காக உயிர் தந்தவர்

அமெரிக்க நாட்டின் மார்ட்டின் லூதர் கிங்கை அறியாத தோழர் நம்மிடையே இருக்க முடியாது. 1955 டிசம்பரில், பேருந்தில் வெள்ளையருக்கு முன் இருக்கை, கறுப்பருக்குப் பின் இருக்கை என்ற இழிவை எதிர்த்து, மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் பேருந்தையே புறக்கணித்தார்களே, 381 நாட்கள் நீடித்த அந்த அறப்போரின் தளபதி அவர். 1964இல், 35ஆம் வயதில், அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். 1968 ஏப்ரல் 4ஆம் நாள் மெம்பிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டவர். இவ்வளவும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால், அவர் மெம்பிஸுக்கு எதற்காகப் போனார் என்று கேட்டால் பலர் விழிப்பர். அந்நகரில் குப்பை அள்ளும் தொழிலாளர் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இருந்தனர். அவர்கள் பக்கம் நிற்கப் போனார், அங்கேயே மாண்டார். அவருக்கு மாலை சூட்டும் சீமான்கள் சொல்லாமல் விடும் இந்த வரலாற்றை உழைக்கும் தோழர்கள் முன் வைப்பது நம் கடமை.

1929 ஜனவரி 15இல் அட்லாண்டா நகரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார் கிங். படித்துப் பட்டம் பெற்றார், டாக்டர் ஆனார். தந்தையைப் போல ஒரு தேவாலயத்தில் அமர்ந்து, மதிப்போடு காலம் தள்ளியிருக்கலாம். வேறு வழியைத் தேர்ந்தார்.

1959இல் அவர் இந்தியாவுக்கு வந்தார். கன்னியாகுமரிக் கடற்கரை வரை சுற்றினார். திருவனந்தபுரத்தில், தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்கு அழைத்துச் செல்லப்பட்டார். தலைமை ஆசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்தாராம். முதலில் திடுக்கிட்டதாகவும், பிறகு தம் நாட்டுக் கறுப்பின மக்களை எண்ணிப் பார்த்து அது உண்மையே என்று உணர்ந்ததாகவும் அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். பிறப்பால் தாழ்த்தி, அந்தத் தாழ்வுக்கேற்ற வேலையைத் தலையில் கட்டி, வேலைக்கேற்ற கூலியையும் மறுப்பது இரு நாட்டுக்கும் பொதுவான நோய் என்பதை அவர் இங்கே கண்டார்.

1963 ஆகஸ்ட் 28இல் வாஷிங்டனில் சுமார் இரண்டரை லட்சம் பேர் திரண்ட பேரணியை உலகம் அறியும். அது விடுதலைக்கு மட்டுமன்று, வேலைக்கும் சேர்த்து நடந்த பேரணி. மணிக்கு 2 டாலருக்குக் குறையாத கூலி வேண்டும் என்பது அதன் கோரிக்கைகளில் ஒன்று. உணவுக்கடையில் சரிசமமாக உட்காரும் உரிமை கிடைத்து, உணவு வாங்கக் கையில் காசில்லையென்றால் என்ன பயன் என்று கேட்டவர் கிங்.

இனி மெம்பிஸுக்கு வருவோம். அங்கே குப்பைத் தொழிலாளர் ஏறத்தாழ அனைவரும் கறுப்பர், மேலாளர் வெள்ளையர். ஓட்டைத் தொட்டிகளில் குப்பையை அள்ளித் தோளிலும் தலையிலும் சுமப்பர். அழுகல் நீர் உடம்பெல்லாம் வடியும். வாஷிங்டனில் 2 டாலர் கேட்டு ஐந்தாண்டு ஆகப்போகிறது. இவர்களில் பெரும்பாலோருக்கு அதற்கும் குறைவான கூலிதான். முழு நேரம் உழைத்தும் அரசின் ஏழைகள் உதவித்தொகையை நம்பிக் குடும்பம் நடத்தியோர் பலர். மழை பெய்தால் கறுப்பர் வீட்டுக்கு விரட்டப்படுவர். அன்றைய கூலி போகும். வெள்ளை மேலாளருக்கோ முழுச் சம்பளம்!

1968 பிப்ரவரி 1. கொட்டும் மழை. ஒதுங்க இடமின்றித் தொழிலாளர் இருவர் குப்பை வண்டியின் பின்புறம் ஏறி நின்றனர். பழுதான வண்டி, குப்பையை நசுக்கும் இயந்திரம் தானே ஓடத் தொடங்கியது. இருவரும் குப்பையோடு நசுங்கி இறந்தனர். அவர்கள் குடும்பங்களுக்கு நகரசபை தந்தது ஈமச் செலவுக்கு 500 டாலர், ஒரு மாதச் சம்பளம். அவ்வளவே.

பிப்ரவரி 12இல் 1,300 பேரும் வேலைக்குப் போகவில்லை. மேயர் ஹென்றி லோப், நகரசபைப் பணியாளர் வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதம் என்றார். குப்பை தேங்கினால் நோய் பரவும், மக்கள் உடல்நலத்தோடு விளையாடலாமா என்று கேட்டனர் அவர் பக்கத்தார்.

இந்தக் கேள்வியை நாம் தள்ளிவிட வேண்டியதில்லை. குப்பை தேங்கினால் நோய் வரும், உண்மை. அப்படியானால் குப்பை அள்ளுபவன் ஊருக்கு இன்றியமையாதவன் அல்லவா? வேலை நின்றபின் இன்றியமையாதவன். கூலி கேட்கும்போது எவனோ ஒருவன் என்றால், இது என்ன நியாயம்? அவர்கள் எடுத்த எடுப்பில் வேலையை நிறுத்திவிடவும் இல்லை. 1963இல் சங்கம் அமைக்க முயன்றோர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். சங்கத் தலைவர் டி. ஓ. ஜோன்ஸும் அவர்களில் ஒருவர். 1966இல் வேலைநிறுத்தம் வரும் எனத் தெரிந்ததும் நகரசபை நீதிமன்றத் தடை வாங்கியது. பேச வந்தால் சங்கத்தை ஏற்கமாட்டோம் என்றனர். வேலையை நிறுத்தினால் சட்டம் என்றனர். எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு, ஏன் சுவரை இடிக்கிறாய் என்று கேட்பது போன்றதுதான் இது.

போராட்டத்துக்குத் துணைநின்ற பாதிரியார் ஜேம்ஸ் லாசன் கிங்கை அழைத்தார். நாடெங்கும் உள்ள ஏழைகளைத் தலைநகருக்குத் திரட்டும் பெரும்பணியில் இருந்தார் கிங். அதை விட்டு ஒரு நகரத்துக் குப்பைக் கூலிக்காகப் போக வேண்டுமா என்று உடனிருந்தோரே தயங்கினர். மார்ச் 18இல் அவர் போனார். குப்பை அள்ளுபவன் தன் வேலையைச் செய்யாவிட்டால் நோய் பெருகும். ஆகவே மருத்துவருக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்பு அவனுக்கும் உண்டு என்று பேசினார். மேயர் தரப்பு எந்த உண்மையைத் தடியாக எடுத்ததோ, அதையே தொழிலாளிக்குக் கேடயமாக்கினார்! நகரமே ஒருநாள் வேலையை நிறுத்தட்டும் என்றும் அறைகூவினார்.

மார்ச் 28இல் அவர் தலைமையில் ஊர்வலம் புறப்பட்டது. தொழிலாளர் ஏந்திய அட்டைகளில் கூலித் தொகை இல்லை. நான் ஒரு மனிதன் என்ற பொருள்படும் சொற்களே இருந்தன. ஆனால் சிலர் கடைக் கண்ணாடிகளை உடைத்தனர். காவலர் தடியும் கண்ணீர்ப்புகையுமாகப் பாய்ந்தனர். 16 வயதுச் சிறுவன் ஒருவன் காவலரின் குண்டுக்குப் பலியானான். கிங் மனம் உடைந்தார். ஏடுகள் அவரைத் தூற்றின. ஆனாலும் ஒதுங்கவில்லை. கட்டுப்பாடான ஊர்வலம் ஒன்றை நடத்திக் காட்டியே தீருவது என ஏப்ரல் 3இல் திரும்பி வந்தார். அன்றிரவு புயலிலும் திரண்ட தொழிலாளரிடம் பேசினார். மறுநாள் மாலை, லொரெய்ன் விடுதியின் மாடித் தாழ்வாரத்தில் நின்றவரைக் குண்டு வீழ்த்தியது. வயது 39.

அவர் நடத்த விரும்பிய ஊர்வலம் நின்றதா? இல்லை. ஏப்ரல் 8இல் அவர் துணைவியார் கொரெட்டா தலைமையில் பல்லாயிரவர் ஓசையின்றி நடந்தனர். ஏப்ரல் 16இல் நகரசபை பணிந்தது. சங்கம் ஏற்கப்பட்டது. கூலி உயர்வு மணிக்கு 15 சென்ட், அதுவும் இரு தவணையில்! கூலியை விடப் பெரிது, முறையீடு செய்ய வழியும், நிறம் பாராத பதவி உயர்வும் ஒப்பந்தத்தில் ஏறியது.

வெற்றி முழுமையாகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நகரசபை ஓய்வூதியமின்றி, முதுமையிலும் உழைத்தோர் அவர்களில் இருந்தனர். 2017இல், 49 ஆண்டுகள் கழித்து, எஞ்சியிருந்தோருக்கு ஆளுக்கு 50,000 டாலர் தர நகர நிர்வாகம் முன்வந்தது. அதைப் பெறப் பலர் உயிரோடு இல்லை.

பொதுப்பணி செய்பவன் ஊதியத்தை எண்ணாமல் தொண்டுள்ளத்தோடு உழைக்க வேண்டும் என்று உபதேசிப்போர் எந்நாட்டிலும் உண்டு. தொண்டுள்ளம் வேண்டியதுதான். மெம்பிஸ் தொழிலாளரிடம் அது இல்லாமலா அந்த அழுகலை ஆண்டுக்கணக்கில் சுமந்தனர்? மதிப்பும் வயிறார உணவும் மறுக்கப்படும் இடத்தில் எந்த உள்ளமும் தளரும். பொதுப்பணி நிற்கக்கூடாது என விரும்புவோர், அதைச் செய்பவன் நிறுத்த வேண்டிய நிலையை முதலில் ஒழிக்கட்டும். அதுவரை, வேலையை நிறுத்தும் உரிமை அவன் கையில் எஞ்சியுள்ள ஒரே கருவி. அதைக் கட்டுப்பாட்டோடு ஏந்தச் சொன்னார் கிங். கீழே போடச் சொல்லவில்லை.