நோய்க்குத் தமிழிற் பெயர் தந்த வைத்தியர் கிறீன்

நோயொன்றைத் தீர்க்கப் புகுவோர்க்கு முதற்கண் வேண்டுவது அந்நோயின் பெயரைத் திட்டமாக அறிதலேயாம். பெயரறியாது மருந்தளிப்போன் மேல்விலாசம் எழுதாத கடிதத்தைத் தபாலிற் சேர்ப்போனை ஒப்பான். மேனாட்டு வைத்திய சாஸ்திரம் நம்மவரிடையே வேரூன்றத் தொடங்கிய நாளில், அதன் உறுப்புப் பெயர்களையும் நோய்ப் பெயர்களையும் தமிழர் தம் சொந்த மொழியிலேயே கற்குமாறு செய்த பெரியார் ஒருவர் உளர். அவர் தமிழரல்லர், அமெரிக்க தேசத்தவர். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அவரது சரிதத்தை நம் கல்லூரி நண்பர்க்குச் சுருங்கக் கூற விரும்புகின்றோம்.

கிறீன் 1822-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 10-ந் தேதி, மாசச்சூசெட்ஸ் மாகாணத்து ஊஸ்டர் நகரிலுள்ள கிறீன் ஹில் என்னுமிடத்திற் பிறந்தார். நியூயார்க் நகரில் வைத்தியம் பயின்று 1845-ல் பட்டம் பெற்றார். ஈராண்டுகட்குப் பின் கப்பலேறி, 1847-ம் ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அந்நாட்டில் அவருக்கு முன்னரே அமெரிக்க மிஷன் சார்பில் வைத்தியத் தொண்டு புரிந்தவர் ஜான் ஸ்கடர் என்பார். வேலூரில் பெண்டிர்க்கெனப் பெருந்தொண்டாற்றிய அயிடா ஸ்கடர் அம்மையார் இவருடைய பேர்த்தியாரேயாவர்.

கிறீன் 1848-ல் மானிப்பாய் என்னும் ஊரில் தம் வைத்தியசாலையை நிறுவி, நோயாளரைக் கவனித்தலோடு அமையாது, உள்ளூர் இளைஞர்க்கு வைத்தியம் கற்பிக்கவுந் தொடங்கினார். தொடக்கத்திற் கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. ஆங்கிலத்திற் கற்றுத் தேறியவர் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் பட்டணங்கட்குச் சென்றனர். எந்தக் கிராமத்து ஏழைகட்காக அவர்களைப் பயிற்றினாரோ, அக்கிராமங்கள் வைத்தியரின்றியே நின்றன. இதனை நெடிது சிந்தித்த கிறீன் ஒரு முடிவுக்கு வந்தார். தமிழருக்கு வைத்தியம் செய்வோர் தமிழிற் கற்றல் வேண்டும்; கற்றற்குரிய நூல்கள் இல்லையெனின் அவற்றை ஆக்குதல் வேண்டும் என்பதே அம்முடிவு. 1857-ல் ஓய்வுக்காகத் தாய்நாடு சென்ற அவர் 1862-ல் மனைவியாருடன் மீண்டு வந்து, அதன்பின் தமிழிலேயே கற்பித்தார். அவரிடம் பயின்று வைத்தியரானவர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் தமிழிற் பயின்றவராவர்.

அவரும் அவர்தம் மாணாக்கரும் சேர்ந்து ஆக்கிய நூல்கள் பல. அறுவைச் சிகிச்சையைக் கூறும் இரணவைத்தியம் 1867-லும், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்னும் இரண்டும் 1872-லும், கெமிஸ்தம் 1875-லும், மனுஷ சுகரணம் 1883-லும் வெளிவந்தன. இவற்றுள் அங்காதிபாதம், இலண்டனில் 1858-ல் கிரே என்பார் வெளியிட்ட உடற்கூற்று நூலின் தமிழாக்கமாகும். மூலம் தோன்றிப் பதினான்கே ஆண்டுகளில் அது தமிழருக்குக் கிடைத்ததென்பதை நம் மாணவர் எண்ணிப் பார்ப்பாராக.

சொல்லாக்கத்தில் அவர் கைக்கொண்ட முறை மிக நேரிது. முதலிற் பொதுமக்கள் வழக்கிலும் தமிழ் நூல்களிலும் உள்ள சொல்லைத் தேடுவார். அங்கே கிடையாதாயின் வடமொழியை நாடுவார். அதிலும் பொருந்துவது இல்லையெனின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இயைய எழுதுவார். நூற்பெயர்களே இதற்குச் சான்றாம். இரணம் என்பது பாமரரும் அறிந்த சொல். அங்காதிபாதம் வடமொழியின் வழிவந்தது. கெமிஸ்தமோ கெமிஸ்டிரி என்னும் ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம்.

பெயரிடுதல் எத்துணை நுட்பமான வேலை என்பதற்கு எலும்பு நோயொன்றை எடுத்துக்கொள்வோம். எலும்பு அரிக்கப்படுதல் வேறு. இரத்தவோட்டமற்று எலும்பு செத்துப்போதல் வேறு. அக்காலத்து இரணவைத்திய நூல்கள் இவ்விரண்டையும் பிரித்தே கூறின. கணுக்காலினுள் அமைந்த எலும்பு இரண்டாவது கேட்டிற்கு எளிதில் ஆளாவது. அதன்மேல் தசை எதுவும் பற்றியிருப்பதில்லை. அதன் பெரும்பகுதியைக் குருத்தெலும்பு மூடியிருத்தலால், இரத்தக் குழாய்கள் உட்புகும் வழிகள் சிலவேயாம். உயரத்திலிருந்து விழுந்து அவ்வெலும்பின் கழுத்து முறியின், அச்சில வழிகளும் அறுபட்டு எலும்பு சிறுகச் சிறுகச் சாகும். சீழுமில்லை, புண்ணுமில்லை, நோவு மாத்திரம் உண்டு. ரொண்ட்கன் 1895-ல் கண்ட ஊடுகதிர் இதனைக் கண்ணாற் காண உதவிற்று. கிறீன் அதனைக் காணுமுன்னரே மறைந்தார்.

கிறீன் தமிழிற் பெயர் தேடிய அதே நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் நோய்ப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் முயற்சி நடந்தது. இங்கிலாந்தில் வில்லியம் பார் மரண காரணங்களை வகுத்தார். பிரான்சு நாட்டு பெர்த்தில்லோன் தொகுத்த அட்டவணை 1893-ல் பல தேசத்தாராலும் ஏற்கப்பெற்றது. 1948-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அதனைத் தன் பொறுப்பிற் கொண்டது. அதன் பத்தாம் திருத்தத்தில் எலும்பின் சாவுக்கு எம் 87 என்பது குறியீடு. புள்ளியை அடுத்த எண் காரணத்தையும், அதற்கடுத்த எண் இடத்தையும் காட்டும். காயத்தால் நேர்ந்ததாயின் 2. கணுக்காலும் பாதமுமாயின் 7. ஆகவே எம் 87.27 என்றெழுதின், எத்தேசத்து வைத்தியரும் அஃது இன்ன நோயென அறிவர்.

இஃது அரும்பெருஞ் சாதனையே. எனினும் இவ்வெண் யாருடன் பேசுகிறது என்பதையும் நாம் நினைத்தல் வேண்டும். நம் சேலத்தை அடுத்த சேர்வராயன் மலையில், ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில், சில்வர் ஓக் மரங்களிற் படர்ந்த மிளகுக் கொடியில் ஏணி சார்த்தி மிளகு பறிப்போர் உளர். அவருள் ஒருவர் தவறி விழுந்து, இருபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து சேலம் மருத்துவமனை சேர்கின்றார் என வைத்துக்கொள்வோம். சீட்டில் எழுதிய எண் வைத்தியர்க்கும் கணக்கர்க்கும் விளங்கும், அவர்க்கு விளங்காது. காலை ஊன்றலாகாது, மாதக்கணக்கில் பாரம் தாங்கலாகாது, ஏனெனில் உள்ளெலும்புக்கு இரத்தம் செல்லவில்லை என்பதை அவர் தம் மொழியில் உணர்ந்தாலன்றி, கூலியை இழந்து வீட்டிலிருக்க உடன்படுவாரா? உடன்படாது நடப்பின் எலும்பு நசுங்கி, வாழ்நாள் முழுதும் நொண்ட நேரிடும். கிறீன் தம் வாழ்வைச் செலவிட்டது இவ்விடைவெளியை நிரப்புதற்கேயாம்.

உடல் நலிந்து 1873-ல் தாய்நாடு திரும்பிய பின்னரும் அவர் தமிழை விடவில்லை. கடல் கடந்து ஊஸ்டரில் இருந்தவாறே நூல்களைத் திருத்தி வந்தார். 1884-ம் ஆண்டு மே மாதம் 28-ந் தேதி உயிர் நீத்தார். தமிழருக்கு வைத்தியத் தொண்டு புரிந்தவன் என்பதே தம் கல்லறையிற் பொறிக்கப்பட வேண்டுமென்று விரும்பினார், அவ்வாறே செய்தனர். மானிப்பாய் வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆயின் அவர் தொடங்கிய தமிழ்வழி வைத்தியக் கல்வி அவருக்குப்பின் நிலைபெறவில்லை. ஆங்கிலமே அவ்விடத்தைக் கொண்டது.

நோய்க்கு எண்ணிடுதல் தேவையற்றதென்பது நம் கருத்தன்று. எண் உலகத்தாரோடு பேசுதற்கு. சொல் நோயாளியோடு பேசுதற்கு. இரண்டும் வைத்தியர்க்கு வேண்டுவன. நம் கல்லூரியினின்று வைத்தியத் துறை புகும் இளைஞர், சீட்டில் எண்ணை எழுதியபின் ஒரு நிமிஷம் தாமதித்து, எதிரே இருப்பவர்க்கு அந்நோயின் பெயரைத் தமிழிற் கூறுவாராயின், கிறீன் விட்டுச் சென்ற பணியைத் தொடர்ந்தவராவர்.