இருட்டைத் தேடிப் போன விஞ்ஞானி

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டில், மார்கழி அமாவாசை இரவில் நின்று பாருங்கள். பருத்திச் செடி தெரியாது. பக்கத்தில் நிற்பவர் முகமும் தெரியாது. வானம் முழுவதும் நட்சத்திரம் நிறைந்து கிடக்கும்.

இரவு ஏழு மணிக்கு வடக்கு வானில், நல்ல உயரத்தில், பஞ்சுத் துணுக்குப் போல் மங்கலாக ஒன்று தெரியும். அது மேகம் அல்ல. தனி நட்சத்திரமும் அல்ல. ஆண்ட்ரமீடா என்ற நட்சத்திர மண்டலம். கோடானு கோடி நட்சத்திரங்கள் சேர்ந்து வாழும் ஊர் அது! அதன் வெளிச்சம் நம் கண்ணுக்கு வந்து சேர 25 லட்சம் ஆண்டு ஆகிறது.

அதே நேரத்தில் கோவில்பட்டி நகருக்குள் ஒரு மொட்டை மாடியில் ஏறிப் பாருங்கள். பஞ்சுத் துணுக்கைக் காணோம். அது எங்கும் போய்விடவில்லை. தெரு விளக்குகளின் வெளிச்சம் தூசியிலும் பனியிலும் பட்டு வானத்தை வெளுக்கச் செய்துவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாததைக் கேமரா பிடிக்கும். எப்படி?

கோடையில் ஊருணி வற்றினால் நம் ஊர்ப் பெண்கள் ஊற்றுத் தோண்டுவார்கள். சுரக்கும் தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்றுவார்கள். மணிக்கணக்கில் காத்திருந்தால் குடம் நிறையும். கண் என்பது சிரட்டை. அது வெளிச்சத்தைச் சேர்த்து வைக்காது. கேமரா என்பது குடம். விட்டு வைத்தால் சேர்த்துக்கொண்டே போகும். ஆனால் ஊர் வெளிச்சமும் கூடவே கலங்கல் தண்ணீர் போல வந்து சேருகிறதே! அதுதான் தொல்லை.

இக்காலத்தில் மாடியில் நின்று படம் எடுப்பவர்கள், நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கிறார்கள். கம்ப்யூட்டரில் அவற்றை ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்த்து, ஊர் வெளிச்சத்தைக் கழித்துவிடுகிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன் இந்த வசதி கிடையாது. அப்பொழுது இருட்டு வேண்டும் என்றால், இருட்டு இருக்கும் இடத்துக்குத்தான் போகவேண்டும்.

தமிழ்நாட்டில் அப்படித் தேடிப் போனவர் வைணு பாப்பு.

நவாபின் டெலஸ்கோப்

வைணு பாப்பு 1927-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி சென்னையில் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. குடும்பத்தின் பூர்வீகம் கேரளத்துத் தலைச்சேரி. தகப்பனாருக்கு வேலை ஐதராபாத்தில், நிஜாமியா வான் ஆராய்ச்சி நிலையத்தில்.

அந்த நிலையம் உண்டான கதை வேடிக்கையானது. ஜாபர் ஜங் என்ற நவாப், இங்கிலாந்திலிருந்து ஒரு பெரிய டெலஸ்கோப்பை வரவழைத்தார். 1901-ல் அதற்காகத் தம் சொந்த இடத்தில் நிலையம் அமைத்தார். அவர் காலத்துக்குப் பின் நிஜாம் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. ஒரு பிரபுவின் வீட்டு ஆசை, பிற்காலத்தில் ஒரு சிறுவனை விஞ்ஞானி ஆக்கியது.

தகப்பனாருடன் போய்ப் போய், சிறுவனுக்கு வானம் பழகிவிட்டது. வெளிச்சம் கூடிக் குறையும் நட்சத்திரங்களை அவன் கவனித்தான். கல்லூரியில் படிக்கும்போதே அவற்றைப் பற்றிக் கட்டுரை எழுதினான். கிரிக்கெட், ஓவியம், காலிப் என்ற உருதுப் புலவரின் கவிதை, இவற்றிலும் அவனுக்குப் பிரியம் உண்டு. வானத்தைப் பார்ப்பவர்கள் வேறு எதையும் பார்க்கமாட்டார்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்!

படத்தில் சிக்கிய வால் நட்சத்திரம்

ஐதராபாத் சர்க்கார் கொடுத்த உபகாரச் சம்பளத்தில், 1949-ல் பாப்பு அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். போன சில மாதங்களில் ஓர் அதிசயம் நடந்தது.

ஜூலை 2-ந் தேதி. டெலஸ்கோப்பில் கேமராத் தகட்டை வைத்து வானத்தைப் படம் எடுத்தார். தகட்டைக் கழுவிப் பார்த்தால், இருக்கக்கூடாத இடத்தில் ஒன்று இருந்தது. அது புதிய வால் நட்சத்திரம்! ஆசிரியர் பார்ட் போக், உடன் படித்த நியூகர்க் ஆகியோரும் சேர்ந்து அதை உறுதி செய்தார்கள். அதற்கு மூவர் பெயரும் வைக்கப்பட்டன. பாப்புவுக்கு அப்பொழுது வயது 21.

1952-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு கலிபோர்னியாவில், அந்நாளில் உலகிலேயே மிகப் பெரியதான 200 அங்குல டெலஸ்கோப் இருந்த பாலோமர் மலையில் வேலை பார்த்தார். அங்கே ஆலின் வில்சன் என்பவருடன் சேர்ந்து ஒரு பெரிய உண்மையைக் கண்டார்.

இரவில் தூரத்தில் ஒரு விளக்குத் தெரிகிறது. அது பக்கத்தில் உள்ள அகல் விளக்கா? தொலைவில் உள்ள பெட்ரோமாக்ஸ் விளக்கா? பார்த்த உடனே சொல்ல முடியாது. நட்சத்திரமும் அப்படித்தான். நட்சத்திர வெளிச்சத்தைப் பிரித்துப் படம் எடுத்தால், அதில் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தின் கோடு ஒன்று தெரியும். சிலவகை நட்சத்திரங்களில், அந்தக் கோட்டின் அகலத்தை அளந்தால் போதும். நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசம் தெரிந்துவிடும். பிரகாசம் தெரிந்தால் தூரமும் தெரியும். 1957-ல் வெளியான இந்த உண்மைக்கு வில்சன்-பாப்பு விளைவு என்று பெயர். உலகம் முழுவதும் வானநூல் மாணவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள்.

சந்தன மரக் காடு

அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம். பாப்பு திரும்பி வந்தார். உத்தரப் பிரதேசத்தில் ஒரு நிலையம் உருவாக உழைத்தார். 1960-ல் கொடைக்கானல் வான் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் ஆனார்.

கொடைக்கானல் சூரியனை ஆராயப் பேர்போன இடம். பகலில் சரி. இரவில்? தென்மேற்குப் பருவ மேகமும் வரும், வடகிழக்குப் பருவ மேகமும் வரும். மங்கலான நட்சத்திரங்களுக்கு அது சரிப்படாது.

பாப்பு இடம் தேடினார். மேகம் குறைவாக இருக்கவேண்டும். பட்டணத்து வெளிச்சம் எட்டக்கூடாது. வட வானமும் தென் வானமும் தெரியவேண்டும். கடைசியில் கிடைத்தது காவலூர். அன்றைய வட ஆற்காடு ஜில்லாவில், ஜவ்வாது மலையில், சந்தன மரக் காட்டுக்குள் இருந்த சிற்றூர். இப்பொழுது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது.

இடம் கிடைத்தது. டெலஸ்கோப்? கொடைக்கானல் நிலையத்திலேயே 38 செண்டிமீட்டர் டெலஸ்கோப் ஒன்றைச் செய்தார்கள். 1968-ல் காவலூரில் அதை வைத்து வேலை தொடங்கினார்கள். 1972-ல் ஜெர்மனியிலிருந்து வாங்கிய 102 செண்டிமீட்டர் டெலஸ்கோப் வந்தது. அதே ஆண்டு, வியாழனின் துணைக் கோளாகிய கனிமீடில் மெல்லிய காற்று இருப்பதற்கு அடையாளம் கண்டார்கள். 1977-ல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது, அதைக் கவனித்த இடங்களில் காவலூரும் ஒன்று.

பாப்புவுக்கு அது போதவில்லை. எட்டாத் தொலைவில் உள்ள நட்சத்திர மண்டலங்களைப் பிடிக்க வேண்டுமானால், குடத்தின் வாய் பெரிதாக இருக்கவேண்டும். 234 செண்டிமீட்டர் அகலக் கண்ணாடியுடன் ஒரு டெலஸ்கோப் வேண்டும். அதை நம் நாட்டிலேயே செய்யவேண்டும் என்று அவர் நின்றார். பணம் கொடுத்து வெளிநாட்டில் வாங்குவது சுலபம். ஆனால் செய்யக் கற்றுக்கொள்வது அதனால் நடக்காது. அவர் செய்த வேலைகளில் இந்தப் பிடிவாதத்தையே பெரிதாக எண்ணத் தோன்றுகிறது. கண்ணாடியைத் தேய்த்து மெருகு ஏற்றும் வேலை மாதக் கணக்கில் முடிகிற காரியம் அல்ல. ஆண்டுகள் ஓடின.

1979-ல் உலக வானநூலார் சங்கத்துக்குப் பாப்பு தலைவர் ஆனார். 1982-ல் அந்தச் சங்கத்தின் மாநாடு கிரீஸ் நாட்டில் கூட இருந்தது. தலைவர் அதற்குப் போகவில்லை. ஜெர்மனியில் மியூனிக் நகரில் இருதய ஆபரேஷனுக்குப் பின், ஆகஸ்டு 19-ந் தேதி காலமானார். வயது 55. டெலஸ்கோப் முடியவில்லை.

உடன் இருந்தவர்கள் வேலையை விடவில்லை. 1985-ல் பெரிய கண்ணாடியில் முதல் நட்சத்திர வெளிச்சம் விழுந்தது. 1986 ஜனவரி 6-ந் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து, டெலஸ்கோப்புக்கும் நிலையத்துக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

பிறகு மலையடிவார ஊர்கள் வளர்ந்தன. விளக்குகளும் பெருகின. அடுத்த டெலஸ்கோப்புக்கு இருட்டைத் தேடி, அதே நிலையத்தார் லடாக்கில் ஹான்லே வரை போனார்கள். 2000-ல் அது வேலை தொடங்கியது.

ஆனாலும் காவலூர் இருட்டு வீண் போகவில்லை. 1988 பிப்ரவரி 17-ந் தேதி அங்கே எடுத்த படத்தில் புதிய சிறு கிரகம் ஒன்று சிக்கியது. அதற்குக் கணித மேதை ராமானுஜனின் பெயரை வைத்தார்கள். வைணு பாப்பு பெயரிலும் ஒரு சிறு கிரகம் சூரியனைச் சுற்றி வருகிறது. அதன் எண் 2596.