திருவட்டாறு ஹெட்மாஸ்டரின் பாட்டு

எங்காத்தில் கல்யாணம், சஷ்டியப்தபூர்த்தி என்று நாலு பேர் கூடினால், சாப்பாடு ஆனபிறகு பேச்சு எப்படியோ பழைய பாட்டுக்காரர்கள் பக்கம் திரும்பிவிடும். சென்னையிலிருந்து வரும் உறவினர்கள் தியாகராஜ பாகவதரில் ஆரம்பித்து ஏ.எம்.ராஜா, பி.பி.ஸ்ரீநிவாஸ் என்று இறங்கி வருவார்கள். நான் கமுகற புருஷோத்தமன் என்பேன். அது யார் என்று கேட்பார்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து நம் அங்கத்தினர்களில் எழுபது தாண்டியவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அவர் 1930 டிசம்பர் 4 அன்று திருவட்டாறில் பிறந்தவர். கமுகற என்பது குடும்பப் பெயர். ஆதிகேசவப் பெருமாள் சயனத் திருக்கோலத்தில் மூன்று வாசல் வழியாகத் தரிசனம் தரும் க்ஷேத்திரம் அது. 108 திவ்ய தேசங்களில் ஒன்று என்பது நம்மவர்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தனுவச்சபுரத்திலிருந்து பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாகப் போனால் இருபது கிலோமீட்டர் சொச்சம். அங்கேயே திருவட்டாறு ஆறுமுகம் பிள்ளை பாகவதரிடம் கர்நாடக சங்கீதம் முறையாகக் கற்றார். 1950 முதல் திருவனந்தபுரம் வானொலியில் பாடினார். 1953இல் 'பொன்கதிர்' படத்தின் மூலம் சினிமாவுக்கு வந்தார். ஆனால் உத்தியோகம் என்னவோ வாத்தியார் உத்தியோகம்தான். சொந்த ஊர்ப் பள்ளியிலேயே ஆசிரியராக இருந்து தலைமை ஆசிரியராகவும் ஆனார்.

அவரை வீட்டுக்கு வீடு தெரிந்தவராக ஆக்கியது 1955இல் வந்த 'ஹரிச்சந்திரா'. நேமத்தில் மெரிலாண்ட் ஸ்டுடியோ வைத்திருந்த பி.சுப்பிரமணியம் தயாரித்த படம். சங்கீதம் பிரதர் லக்ஷ்மணன். சத்தியத்துக்காக எல்லாம் இழந்த ராஜா மயானத்தில் வெட்டியானாக நின்று பாடும் பாட்டு அது. சுடுகாட்டையே ஆத்மாவின் பள்ளிக்கூடமாக உருவகித்து எழுதியவர் திருநயினார்குறிச்சி மாதவன் நாயர். திரையில் ராஜாவாக நின்றவர் திக்குறிச்சி சுகுமாரன் நாயர். குரல் கொடுத்தவர் திருவட்டாறு வாத்தியார். மூன்று பேர் ஊரையும் கவனியுங்கள். மூன்றும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கின்றன! படம் வந்த மறு வருஷம், 1956 நவம்பர் 1 அன்று, கல்குளம், விளவங்கோடு உட்பட நாலு தாலுக்காக்கள் சென்னை ராஜ்யத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்திலேயே நின்றது. ஆத்தில் தமிழ் பேசி, பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த நாங்கள் கேரளத்துக்காரர்கள் ஆனோம். மலையாளத்தில் பாடிப் பேர் வாங்கிய அவர் சென்னை ராஜ்யத்துப் பள்ளி ஆசிரியர் ஆனார்.

எங்காத்தில் அந்தப் பாட்டுக்குத் தடை இருந்தது. சுடுகாட்டுப் பாட்டு அமங்கலம் என்று பாட்டி ரேடியோவில் வந்தவுடன் மூடச் சொல்லிவிடுவாள். பாட்டியின் ஆசாரம் மட்டும் காரணமில்லை. 1958இல் என் அண்ணா பதினாலாவது வயசில் டைபாய்டில் போய்விட்டான். லோகிதாக்ஷன் சிதையில் கிடக்கும் கதைப் பாட்டு அந்த வீட்டில் எப்படிக் கேட்கும்? அப்பாவோ சினிமா சங்கீதம் என்றாலே முகம் சுளிப்பவர். செம்மங்குடி, மதுரை மணி, அதற்குமேல் ஒன்றும் வேண்டாம். நான் அதை முழுசாகக் கேட்டதெல்லாம் உத்ஸவக் காலங்களில், தென்னை மரத்தில் கட்டிய கோளாம்பியில்தான்.

1966 என்று ஞாபகம். தனுவச்சபுரம் என்.எஸ்.எஸ். கல்லூரியில் ப்ரீ-டிகிரி படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து கிராமத்துக் கோயில் உத்ஸவத்தில் கமுகற ஸார் கச்சேரி என்று கேள்விப்பட்டு, ஆத்தில் சொல்லாமல் போய்விட்டேன். சினிமாப் பாடகர் என்றால் எப்படியோ இருப்பார் என்று நினைத்திருந்த எனக்கு ஏமாற்றம். வெள்ளை உடுப்பில், எங்கள் கணக்கு ஸார் மாதிரியே இருந்தார். முதலில் கீர்த்தனைகள். ஜனங்கள் பொறுமையாகக் கேட்டார்கள், ஆனால் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. மயானப் பாட்டைக் கடைசியில்தான் எடுத்தார். சர்பத் கடைக்காரர்கூட க்ளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

பாதிப் பாட்டில் திரும்பிப் பார்த்தேன். அரசமரத்தடியில் டார்ச் லைட்டோடு அப்பா! என்னைத் தேடி வந்திருக்கிறார். இன்று நல்ல உதை என்று நினைத்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டுப் பாட்டு முடியும்வரை நின்றார். முடிந்தபிறகும் கொஞ்ச நேரம் நின்றார். வயல் வரப்பில் வீடு திரும்பும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் பாட்டியிடமும் சொல்லவில்லை. கமுகற புருஷோத்தமன் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த அணைத்த டார்ச்தான்.

நான் பௌதிகம் படித்தவன், அதனால் இதையும் சொல்லவேண்டும். அக்காலப் பாட்டுப் பதிவில் பாடுபவரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாகவே வாசித்துப் பாடி முடிக்கவேண்டும். நடுவில் ஒருவர் தப்புப் பண்ணினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. இன்று போல வரி வரியாகப் பாடி ஒட்டுவதற்கு வழியில்லை. அதனால் ரிக்கார்டில் கேட்ட குரலும் மேடையில் கேட்ட குரலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. மேல் ஸ்தாயியில் கத்தாமல் நிற்கும் குரல் அவருடையது. பாகவதர் சம்பிரதாயத்தில் வந்தவரானாலும், சினிமாவில் சங்கதிகளை அடுக்கி வித்தை காட்டவில்லை.

நேமம் எங்கள் ஊருக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே, பெரிய ரோட்டிலேயே இருக்கிறது. மலையாளப் பாட்டு அங்கே இருந்தவரை திருவட்டாறு வாத்தியாருக்கு அது போய்வரும் தூரம். 1961இல் 'பக்த குசேலா' வரை அந்தக் கூட்டணி நன்றாகவே ஓடியது. பிறகு பாட்டுப் பதிவு பெரும்பாலும் சென்னையோடு என்றாகிவிட்டது. ஏ.எம்.ராஜாவும் ஸ்ரீநிவாஸும் அங்கேயே குடியிருந்தவர்கள், கூப்பிட்ட நேரத்துக்குப் போகலாம். இவர் குடியேறவில்லை. 1964இல் வந்த 'பார்கவீ நிலையம்' படத்தில் பாபுராஜ் இசையில் தனிமையைப் பற்றி இவர் பாடியதை இன்றும் கேட்டால் மனசு என்னவோ செய்யும். அதே படத்தில் யேசுதாஸும் பாடியிருக்கிறார். ஒருவர் வந்துகொண்டிருந்தார், இன்னொருவர் மெல்ல விலகிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் 'காட்டுதுளசி' படத்தில் இன்னொரு நல்ல பாட்டு. அப்புறம் அபூர்வமாகத்தான் கேட்டது. மொத்தம் பார்த்தால் சினிமாவில் நூற்றுச் சொச்சம் பாட்டுத்தான் இருக்கும்.

பைத்தியக்காரத்தனம் என்று என் சித்தப்பா கடைசிவரை வாதாடுவார். மாசச் சம்பளத்துக்காகக் குரலைப் பூட்டி வைத்தார் என்பது அவர் கட்சி. கருவூலத் துறையில் முப்பத்து மூன்று வருஷம் உத்தியோகம் பார்த்த நான் வேறு மாதிரி நினைக்கிறேன். காஸர்கோட்டுக்கு மாற்றலோடு வந்த ப்ரமோஷனை, அப்பாவுக்கு உடம்பு முடியாததால் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவன் நான். ஊரை விடாததற்கு ஆளுக்கு ஒரு காரணம் இருக்கும், அது வெளியே தெரியாது. ஆனால் நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் இன்னும் இருநூறு பாட்டுப் பாடியிருக்கலாம், நாம் கேட்டிருக்கலாம்.

1995 மே மாதத்தில் காலமானார். அவர் பெயரில் திருவனந்தபுரத்தில் ஒரு அறக்கட்டளை ஏற்பட்டு, இசைக் கலைஞர்களுக்கு விருது கொடுத்திருக்கிறது.

2022 ஜூலை 6 அன்று திருவட்டாறில் 418 வருஷத்துக்குப் பிறகு மஹா கும்பாபிஷேகம் நடந்தது. நானும் என் ஆத்துக்காரியும் போயிருந்தோம். கூட்டத்தில் நசுங்கி, மூன்று வாசலிலும் ஒரு நிமிஷம் பெருமாளைச் சேவித்தோம். திரும்பும்போது காரை ஓட்டிய மருமான், கமுகற பாட்டு ஏதாவது போடட்டுமா அத்திம்பேர் என்று செல்போனை எடுத்தான். அவன் எந்தப் பாட்டைத் தேடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக மயானப் பாட்டு வேண்டாம் என்று தடுத்துவிட்டாள், அச்சாகப் பாட்டி மாதிரியே. குசேலர் பாட்டைப் போட்டான். களியக்காவிளை தாண்டும்வரை அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தோம்.