கழற்றிப் பார்த்துப் படித்தவர் ஜி.டி. நாயுடு

எங்க பழவேற்காட்டுப் பக்கம் படகு எஞ்சின் நின்னுபோனால் அன்றைக்கு வருமானம் இல்லை. எது கெட்டுப்போச்சுன்னு தெரியாமல் ஒவ்வொரு பாகமாக மாற்றினால் கடன்தான் மிச்சம். அதனால்தான் ஜி.டி. நாயுடுவைப் பற்றி எழுதுகிறேன்.

இவர் 1893-ல் கோயம்புத்தூர் அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பில் மனசு ஒட்டவில்லை. ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டார். ஓட்டலில் வேலை செய்து, காசு சேர்த்து வண்டி வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, எந்தப் பாகம் எதோடு பொருந்துதுன்னு பார்த்து, திரும்ப மாட்டினார். அதுதான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டார். தானே ஓட்டினார். அதுவே பெரிய கம்பெனி ஆச்சு. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்சார மோட்டார் செய்தார். 1974-ல் காலமானார்.

போன மாசம் அப்பா எங்க எஞ்சினைப் பிரித்தபோது, ஒவ்வொரு பாகத்தின் பெயரும் வேலையும் கேட்டேன். பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்குன்னு பக்கத்து வீட்டு அத்தை கேட்டாங்க. அப்பா பதில் சொல்லவில்லை. ஸ்பேனரை என் கையில் கொடுத்தார்.