நெஞ்சோடு சுமந்த நற்செய்தி

ஆண்டுதோறும் அக்டோபர் முதல் நாளன்று, கையில் சிலுவையும் ரோஜா மலர்களும் ஏந்திய ஓர் இளங்கன்னியின் சுரூபத்தை ஆலயத்தில் அலங்கரித்து வைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். சிறுமலர் என்றும், குழந்தை இயேசுவின் தெரேசா என்றும் நாம் அன்போடு அழைக்கும் புனிதை அவர். கொல்கத்தா அன்னை தெரேசா தம் துறவறப் பெயரை இவரிடமிருந்தே பெற்றார். சிறுமலர் என்றதும் எல்லாருக்கும் ரோஜாதான் நினைவுக்கு வருகிறது. நானோ அவர் இரவும் பகலும் தம் நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்த ஒரு சின்னஞ்சிறு புத்தகத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

பிரான்சு நாட்டில் அலென்சோன் என்னும் நகரில் 1873ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் தெரேசா பிறந்தாள். தந்தை லூயி மார்த்தேன் கடிகாரக் கடை நடத்தியவர். தாய் ஸெலி, அந்நகரின் புகழ்பெற்ற சரிகைப் பின்னல் வேலையில் தேர்ந்தவர். பல பெண்களுக்கு வேலை கொடுத்தவர். பிறந்த ஒன்பது பிள்ளைகளில் ஐந்து பெண்களே பிழைத்தனர். அவர்களுள் கடைக்குட்டி தெரேசா. நான்கு வயதில் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தாள். குடும்பம் தாய்மாமன் வாழ்ந்த லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தது. அக்காள் பவுலினையே அம்மாவாகக் கொண்டு வளர்ந்தாள் அந்தக் குழந்தை. 1882இல் பவுலினும் கார்மேல் மடத்தில் சேர்ந்துவிட, இரண்டாம் முறை தாயை இழந்தவளானாள். எதற்கெடுத்தாலும் கண்ணீர் விடும் பிள்ளையாக இருந்தவளை 1886ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவு மாற்றியது என்பதும், மடத்தில் சேர அனுமதி வேண்டி 1887இல் உரோமைக்குச் சென்று திருத்தந்தை 13ஆம் சிங்கராயரின் பாதத்தில் விழுந்து மன்றாடினாள் என்பதும் ஞானோபதேச வகுப்பில் நாம் கேட்ட கதைகளே.

1888ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் லிசியே கார்மேல் மடத்தின் கதவு அவருக்குத் திறந்தது. அப்போது அவருக்கு வயது பதினைந்து. தோழியரே, நம்முடைய வயதுதான்!

கார்மேல் மடத்தில் நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் மௌனத் தியானம் செய்ய வேண்டும். பனிக்காலத்தில் எலும்பை நடுக்கும் குளிர். புனிதர்கள் என்றால் முழந்தாளிட்டவுடன் வானம் திறந்து ஒளி பாய்ந்திருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். தெரேசாவுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தியான வேளையில் பெரும்பாலும் அவருடைய உள்ளம் வறண்டு கிடந்தது. போதாக்குறைக்குத் தூக்கம் வேறு! ஆண்டுக்கணக்காகத் தாம் தியானத்தில் தூங்கி விழுந்ததை அவரே தம் வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அதற்காக அவர் மனம் இடிந்து போகவில்லை. தூங்கும் குழந்தையையும் பெற்றோர் நேசிக்கத்தானே செய்கிறார்கள் என்று தம்மைத் தேற்றிக்கொண்டார். இதைப் படித்தபோது எனக்கு அவர் மீது மிகுந்த பிரியம் உண்டாயிற்று. மற்றொரு சமயம், தியான வேளையில் பின்னால் அமர்ந்திருந்த ஒரு சகோதரி ஓயாமல் ஏதோ ஒலி எழுப்பிக்கொண்டே இருந்தாராம். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், ஒலி நின்றிருக்கும். தெரேசாவோ வியர்க்க வியர்க்கப் பொறுத்துக்கொண்டு, அந்த ஒலியையே இனிய இசையாகப் பாவித்து ஆண்டவருக்குக் காணிக்கையாக்கினார்.

வறண்ட அந்த மணி நேரங்களில் அவருக்குக் கைகொடுத்தது எது? தொடக்கத்தில் கிறிஸ்துநாதர் அநுசாரம் என்ற நூலை ஏறக்குறைய மனப்பாடமாக அறிந்திருந்தார். பின்னர் சிலுவை அருளப்பரின் நூல்கள் அவருக்கு உதவின. நாளடைவில் மற்ற நூல்களெல்லாம் சலித்துப் போக, நற்செய்தி ஒன்றே மிஞ்சியது. அக்காலத்தில் மடத்தின் இளங்கன்னியர் கையில் முழு விவிலியம் கொடுக்கும் வழக்கம் இல்லை. புதிய ஏற்பாடு உண்டு, பழைய ஏற்பாட்டிலிருந்து செப நூல்களில் வரும் பகுதிகள் உண்டு, அவ்வளவுதான். இன்று நம் வீடுகளில் தமிழ் விவிலியம் அலமாரியில் அழகாக வீற்றிருக்கிறது. அவரோ கிடைத்த துண்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். மொழிபெயர்ப்புகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதைக் கண்டு வருந்தி, தாம் குருவாக இருந்திருந்தால் எபிரேயமும் கிரேக்கமும் கற்று மூலத்திலேயே படித்திருப்பேன் என்று சொல்வாராம். நான்கு நற்செய்திகளை மட்டும் தனியே கட்டிய சிறு புத்தகத்தைத் தம் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்.

மடத்தில் சேர்ந்த மறு ஆண்டே பேரிடி விழுந்தது. அவர் பெரிதும் நேசித்த தந்தைக்கு மனநோய் கண்டது. 1889 பிப்ரவரியில் அவரைக் கான் நகரிலுள்ள மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே இருந்தார். செல்ல மகள் மடத்துக்குப் போனதால்தான் தகப்பனுக்கு இந்தக் கதி என்று ஊரில் சிலர் பேசிய பேச்சும் மடத்துச் சுவர்களைத் தாண்டி வந்தது. அடைபட்ட மடத்தில் இருக்கும் மகள் என்ன செய்ய முடியும்? அப்போது அவருக்குத் துணை நின்றது இசையாஸ் ஆகமத்தின் 53ஆம் அதிகாரம். அழகும் பொலிவும் இழந்து, மனிதரால் புறக்கணிக்கப்பட்டு, பிறர் முகம் திருப்பிக்கொள்ளும் நிலைக்கு ஆளான துன்புறும் ஊழியனைப் பற்றி அது பேசுகிறது. தெரேசா அதில் இயேசுவின் திருமுகத்தைக் கண்டார்; அறிவு மங்கிய தம் தந்தையின் முகத்தையும் அங்கேயே கண்டார். அந்த நோயின் நடுவிலும் இயேசு தந்தையோடு இருக்கிறார் என்பது அவருக்குப் புலனாயிற்று என்றே நான் எண்ணுகிறேன். தம் துறவறப் பெயரோடு திருமுகத்தின் பெயரையும் அவர் சேர்த்துக்கொண்டிருந்தார்.

1894 ஜூலையில் தந்தை இறந்தார். அவரை இறுதிவரை பராமரித்த அக்காள் செலின் அதே ஆண்டு செப்டம்பரில் மடத்தில் சேர்ந்தார். அவர் ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். தாய்மாமன் வீட்டிலிருந்த விவிலியத்தைப் பார்த்துப் பழைய ஏற்பாட்டின் பகுதிகளை அதில் எழுதி வைத்திருந்தார். பட்டு, நகை கொண்டு வந்திருந்தாலும் தெரேசா அவ்வளவு மகிழ்ந்திருக்க மாட்டார்! அப்போது அவர் மனத்தில் ஒரு கவலை இருந்தது. புனிதர்களோடு ஒப்பிட்டால் தாம் மலையின் முன் கிடக்கும் மணல் துகள். புண்ணியத்தின் செங்குத்தான படிகளில் ஏறத் தமக்குச் சக்தியில்லை. பணக்காரர் வீடுகளில் அப்போது லிஃப்ட் வந்திருந்தது. படியேறாமலே மேலே கொண்டுபோகும் அப்படி ஒரு லிஃப்ட் விண்ணகத்துக்கும் இருக்கக் கூடாதா என்று அந்தக் குறிப்பேட்டில் தேடினார். பழமொழி ஆகமத்தில், சிறியவர்கள் தம்மிடம் வரட்டும் என்னும் அழைப்பைக் கண்டார். வருகிற சிறியவரை இறைவன் என்ன செய்வார்? தொடர்ந்து தேடினார். தாய் தன் பிள்ளையை மடியில் வைத்துத் தேற்றுவது போல் இறைவன் தேற்றுவார் என்று இசையாஸ் ஆகமத்தின் 66ஆம் அதிகாரம் விடை தந்தது. நான்கு வயதில் தாய்மடியை இழந்த பெண்ணுக்கு இந்த வரி எப்படி இருந்திருக்கும் என்று சற்றே நினைத்துப் பாருங்கள். இயேசுவின் கைகளே தமக்கு லிஃப்ட் என்று கண்டுகொண்டார். சிறுவழி என்று உலகம் போற்றுவது இதுதான்.

1896ஆம் ஆண்டு இன்னொரு தேடல். ஒரே சமயத்தில் மறைபோதகராகவும், வேதசாட்சியாகவும், குருவாகவும், மறைவல்லுநராகவும் இருக்க வேண்டும் என்ற ஆசை அவரை வாட்டியது. புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தைத் திறந்தார். எல்லாரும் எல்லாமாக இருக்க முடியாது; உடலில் கண் வேறு, கை வேறு என்கிறது 12ஆம் அதிகாரம். தெளிவான பதில்தான், ஆனால் மனம் அமைதி அடையவில்லை. நாமாயிருந்தால் புத்தகத்தை மூடியிருப்போம். அவர் மேலும் படித்தார். அடுத்த அதிகாரம் அன்பைப் பற்றியது. திருச்சபை ஓர் உடல் என்றால் அதற்கு இதயம் இருக்க வேண்டும். அந்த இதயத்தில் தாம் அன்பாக இருந்தால் எல்லாமாகவும் இருக்கலாம் என்று அறிந்து ஆனந்தத்தால் கூவினார். மடத்தை விட்டு வெளியே போகாத அவரை 1927இல் திருச்சபை, புனித சவேரியாரோடு மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக்கியது. 1997இல் மறைவல்லுநர் என்றும் அறிவித்தது.

இதையெல்லாம் அவர் எழுதியது மகிழ்ச்சியான நாட்களில் அன்று. அந்த ஆண்டு பெரிய வியாழன் இரவே இரத்தம் கக்கியிருந்தார். காசநோய்! பாஸ்கு நாட்களில் அதைவிடக் கொடிய சோதனை ஒன்றும் தொடங்கியது. விண்ணகம் என்று ஒன்று உண்டா என்ற ஐயம் அவரைச் சூழ்ந்தது. குழந்தைப் பருவம் முதல் வீடு போல் நினைத்திருந்த வானம் இருண்டு சுவராகி நின்றது. அந்நாளில் விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி, நெஞ்சின் மேலிருந்த நற்செய்திப் புத்தகத்தோடு வைத்துக்கொண்டார். கண்ணுக்கு ஒன்றும் தெரியாதபோதும் தினமும் அதைத் திறந்தார். அவ்வேளையில்தான் இறுதி இராவுணவின்போது இயேசு தந்த அன்புக் கட்டளையின் ஆழத்தை முன்னெப்போதும் இல்லாதவாறு உணர்ந்தார். தமக்கு இயல்பாகவே பிடிக்காத ஒரு சகோதரியிடம் மிகுந்த நேசம் காட்டினார். தன்னிடம் இவருக்கு என்ன பிடித்திருக்கிறது என்று அந்தச் சகோதரியே வியந்து கேட்டாராம்!

1897 ஜூலையில் பேனா பிடிக்கவும் சக்தியற்றுப் பென்சிலால் எழுதினார். கடைசிப் பக்கத்தில் ஆலயத்தின் பின்புறம் நின்ற ஆயக்காரனும், ஆண்டவரின் பாதத்தண்டை வந்த மதலேனாளும் வருகிறார்கள். தாம் எல்லாப் பாவங்களையும் செய்திருந்தாலும் அவளைப் போலவே இயேசுவின் கைகளில் போய் விழுவேன் என்று எழுதினார். நம்பிக்கையையும் அன்பையும் பற்றிய வரியோடு பென்சில் நின்றுவிட்டது. சில நாட்களில் அவரை மடத்தின் நோயாளர் அறைக்குக் கொண்டு சென்றார்கள்.

செப்டம்பர் 30ஆம் நாள் மாலை, நீண்ட வேதனைக்குப் பின், கையிலிருந்த பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்துத் தம் அன்பை அறிக்கையிட்டு உயிர் துறந்தார். வயது 24. இருள் கடைசி வரை முற்றிலும் விலகவில்லை. அடுத்த ஆண்டு அதே நாளில் அவருடைய குறிப்பேடுகள், பவுலின் அக்காளின் கைதிருத்தத்தோடு, 'ஓர் ஆன்மாவின் வரலாறு' என்ற பெயரில் 2,000 பிரதிகள் அச்சாகி வெளிவந்தன. முதலில் அவை மற்றக் கார்மேல் மடங்களுக்கு அனுப்பப்பட்டன.