முதிய ஆசான் லாவோட்சு

சீனத் தத்துவ வரலாற்றில் கன்பூசியஸுக்கு இணையாகப் போற்றப்படுபவர் லாவோட்சு. இவர் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் என்பது மரபு. லாவோட்சு என்பது இவரது இயற்பெயர் அன்று. முதிய ஆசான் என்னும் பொருள் தரும் சிறப்புப் பெயர். இவரது இயற்பெயர் லீ எர் என்று பண்டைய சீன வரலாற்றாசிரியர் சீமா சியென் எழுதியுள்ளார்.

சூ நாட்டில் பிறந்த லாவோட்சு, சோவ் மன்னரின் அரண்மனையில் ஆவணக் காப்பாளராகப் பணியாற்றினார். அக்காலத்தில் சோவ் அரசு வலிமை குன்றியிருந்தது. சிற்றரசர்கள் ஒருவரோடு ஒருவர் போரிட்டனர், மக்கள் அல்லலுற்றனர்.

நாட்டில் அமைதியை நிலைநாட்டுவது எப்படி? சடங்குகளையும் கடமைகளையும் முறையாகப் பின்பற்ற வேண்டும் என்றார் கன்பூசியஸ். லாவோட்சுவின் வழியோ வேறு. சட்டங்களும் கட்டுப்பாடுகளும் பெருகப் பெருகக் குழப்பமும் பெருகும் என அவர் கருதினார். உலகை இயக்கும் இயற்கை நெறியைத் தாவோ என்று அழைத்தார். அந்நெறிக்கு மாறாக எதையும் வலிந்து செய்யாதிருப்பதே வூ வெய் எனப்படும். இது சோம்பலைக் குறிக்காது. நீர் மென்மையானது; தாழ்ந்த இடத்தையே நாடிச் செல்வது. ஆயினும், அது உயிர்களை வளர்க்கிறது. கடினமான பாறையையும் தேய்க்கிறது. ஆள்பவரும் நீரைப் போலப் பணிவுடன் இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

இளைஞரான கன்பூசியஸ் ஒருமுறை லாவோட்சுவைச் சந்தித்ததாகவும், செருக்கையும் மிகுதியான ஆசைகளையும் கைவிடும்படி அவர் அறிவுரை கூறியதாகவும் சீமா சியென் குறிப்பிடுகிறார்.

சோவ் அரசின் வீழ்ச்சியைக் கண்ட லாவோட்சு, பதவியைத் துறந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். பிற்கால ஓவியங்கள் அவரை எருதின் மீது அமர்ந்து செல்பவராகக் காட்டுகின்றன. எல்லைக் கணவாயின் காவல் அதிகாரியான யின் சி அவரை அடையாளம் கண்டுகொண்டார். இத்தகைய அறிவு நாட்டைவிட்டு மறைந்துவிடக் கூடாது என எண்ணி, ஒரு நூல் எழுதித் தருமாறு வேண்டினார். லாவோட்சுவும் ஏறத்தாழ 5,000 சீன எழுத்துகளில் தம் கருத்துகளை எழுதிக் கொடுத்தார். பின்னர் அவர் எங்குச் சென்றார் என்பதை எவரும் அறியார். அந்நூலே 81 இயல்களைக் கொண்ட தாவோ தே சிங்.

லாவோட்சு உண்மையில் வாழ்ந்தாரா, நூலைப் பலர் சேர்ந்து தொகுத்தனரா என்று அறிஞர்கள் இன்றும் ஆராய்கின்றனர். 1993ஆம் ஆண்டு குவோதியன் என்னும் ஊரிலுள்ள பழங்காலக் கல்லறையில், இந்நூலின் பகுதிகள் எழுதப்பட்ட மூங்கில் ஏடுகள் கிடைத்தன. அவை ஏறத்தாழ 2,300 ஆண்டுகள் பழைமையானவை. ஆசிரியரின் வாழ்க்கை தெளிவாகத் தெரியாவிட்டாலும், நூலின் தொன்மைக்கு இவ்வேடுகள் சான்றாகின்றன.

காலப்போக்கில் தாவோ சமயத்தினர் லாவோட்சுவைத் தெய்வமாக வணங்கத் தொடங்கினர். லீ என்னும் குடும்பப் பெயர் கொண்ட தாங் மரபுப் பேரரசர்கள், அவரைத் தம் முன்னோர் என உரிமை கொண்டாடினர். புகழை நாடாமல் விலகிச் சென்றவர் என்று மரபு கூறும் லாவோட்சுவின் சிந்தனை, இன்று பல மொழிகளில் பயிலப்படுகிறது.